விடுதிக் கதவு பத்து மணிக்குச் சாத்தப்படும்

தறிக்கூடத்துக்குள் நுழைவதற்கு முன் காதில் வைத்துக்கொள்ள இரண்டு சின்ன அடைப்பான்களைக் கொடுத்தார்கள். நான் அவற்றை வைத்துக்கொள்ளவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் பாஸ்டனிலிருந்து முக்கால் மணி நேரம் ரயிலில் வந்திருந்தேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறது லோவெல் நகரம். அங்கே 1835இல் தொடங்கிய பூட் பஞ்சாலை, இன்று அருங்காட்சியகம். அதன் தரைத்தளத்தில் 88 விசைத்தறிகள் வரிசையாக நிற்கின்றன. மேலே சுழலும் தண்டிலிருந்து ஒவ்வொரு தறிக்கும் தோல் பட்டை இறங்குகிறது. நான் போன அன்று ஓடியவை நாலைந்து தறிகள்தான். அதற்கே காலடியில் மரத்தரை அதிர்ந்தது. பக்கத்தில் நின்றவர் பேசியது கேட்கவில்லை. எண்ணெயும் பஞ்சுத்தூசும் கலந்த வாடை. அங்கே நெய்யும் துணியைத் துண்டுகளாக்கி வாசல் கடையில் விற்கிறார்கள்.

ஒரு நிமிடம் வீடியோ எடுத்து ஊரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினேன். இரவு அவளுடைய குரல் பதிவு வந்தது. "இது தறிக்கா, நான் பாத்தது ஸ்பின்னிங். ஆனா சத்தம் அப்படியேதான் இருக்கு. ஆமா, மிஷினு மட்டும் ஓடுது, ஆளுகளயே காணோமே?"

என் தங்கை 2005இல் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு கோவைப் பக்கம் ஒரு நூற்பாலைக்குப் போனவள். எங்களுடையது ராமநாதபுரம் மாவட்டத்து மானாவாரிக் கிராமம். அந்த வருடம்தான் நான் கல்லூரியில் சேர்ந்தேன். இரண்டும் ஒரே வருடத்தில் நடந்தது தற்செயல் அல்ல. அதனால் லோவெலை என்னால் வெறும் சுற்றுலாப் பயணியாகப் பார்க்க முடியவில்லை.

*

லோவெல் ஒரு நிறுவனம் கட்டிய ஊர். பிரான்சிஸ் கேபட் லோவெல் என்ற பாஸ்டன் வணிகர் 1810 முதல் 1812 வரை பிரிட்டனில் இருந்தபோது அங்குள்ள ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார். இயந்திர வரைபடங்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அன்று பிரிட்டன் தடை போட்டிருந்தது. பார்த்ததை மனதில் பதித்துக்கொண்டு வந்து, பால் மூடி என்ற கைதேர்ந்த மெக்கானிக்கின் உதவியோடு வால்தம் என்ற ஊரில் விசைத்தறியை ஓட்டிக் காட்டினார். 1817இல் அவர் இறந்துவிட்டார். கூட்டாளிகள் மெரிமாக் ஆறு 32 அடி கீழே இறங்கும் இடத்தைத் தேடிப் பிடித்தார்கள். கால்வாய் வெட்டினார்கள், 1822இல் நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள், ஊருக்கு அவருடைய பெயரை வைத்தார்கள்.

தண்ணீர் இருந்தது. இயந்திரம் இருந்தது. ஆள்தான் இல்லை. ஆண்களுக்கு அங்கே நிலம் கிடைத்தது, வேறு வேலையும் கிடைத்தது. முதலாளிகளின் கண் நியூ இங்கிலாந்தின் கல்லாங்காட்டுப் பண்ணைகளில் இருந்த கல்யாணமாகாத பெண்கள்மேல் விழுந்தது. காலம் காலமாக வீட்டில் நூற்று நெய்து குடும்பத்துக்குத் துணி கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஆலைத்துணி மலிவாக வந்ததும் வீட்டு ராட்டை பரணுக்குப் போனது. அந்தப் பெண்களின் கைவேலையைப் பறித்த அதே ஆலை, சம்பளத்துக்கு வா என்று அவர்களையே கூப்பிட்டது.

அப்பாக்கள் சும்மா அனுப்பிவிடுவார்களா? இங்கிலாந்தின் ஆலை ஊர்களைப் பற்றி ஏற்கெனவே கெட்ட பெயர் பரவியிருந்தது. ஆலைக்குப் போகும் பெண் கெட்டுப்போவாள் என்ற பேச்சை உடைக்காமல் ஆள் சேர்க்க முடியாது. அதற்காகக் கட்டப்பட்டவைதான் நிறுவன விடுதிகள். பொறுப்பாளராக வயது வந்த ஒரு பெண், பெரும்பாலும் கைம்பெண். இரவு பத்து மணிக்குக் கதவு சாத்தப்படும். ஞாயிறன்று தேவாலயத்துக்குப் போயாக வேண்டும். நடத்தை சரியில்லை என்றால் விடுதியும் போகும், வேலையும் போகும். உங்கள் மகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அப்பாக்களுக்குக் கொடுத்த வாக்குறுதி அது.

தறிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே பூட் ஆலையின் பழைய விடுதிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. சாப்பாட்டுக்கூடம், சமையலறை, பொறுப்பாளரின் அறை, பெண்களின் படுக்கையறை எல்லாவற்றையும் அன்றிருந்தபடி அமைத்துவைத்திருக்கிறார்கள். ஓர் அறையில் நான்கு முதல் எட்டுப் பேர் வரை. ஒரு கட்டிலில் இருவர். துணிமணி வைக்க ஆளுக்கொரு பெட்டி. அந்தக் கட்டில்களைப் பார்த்தபோது, ஒரே ஒரு முறை அனுமதி வாங்கித் தங்கையைப் பார்க்கப் போனது நினைவுக்கு வந்தது. விடுதிக்குள் என்னை விடவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த தகரக் கூரையின் கீழே, வார்டன் நிற்க, பத்து நிமிடம் பேசினோம். "நல்லாருக்கேன்" என்று மூன்று முறை சொன்னாள். அவள் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

*

எங்கள் ஊருக்கு வந்த தரகர் கொண்டுவந்த நோட்டீஸில் தாலியின் படம் இருந்தது. மூன்று வருடம் வேலை பார்த்தால் முடிவில் முப்பத்தைந்தாயிரம் மொத்தமாகத் தருவார்கள், தங்குமிடம், சாப்பாடு, பாதுகாப்பு. சுமங்கலித் திட்டம், திருமகள் திருமணத் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்று ஆலைக்கு ஒரு பெயர். 1990களின் பின்பாதியிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பல இப்படித்தான் ஆள் எடுத்தன. ஏழைக் குடும்பங்களின் பெண்கள் போனார்கள். அவர்களில் தலித் பெண்கள் நிறையப் பேர். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. ஆனால் ஒரு பெண்ணின் மூன்று வருட உழைப்பின் கூலிக்குப் பட்டப்பகலில் சீர்ப்பணம் என்று பெயர் வைத்து விளம்பரம் செய்ய முடிந்தது.

நோட்டீஸுக்கும் லோவெல் விடுதிக்கும் நடுவில் கிட்டத்தட்ட 170 வருடம். இருந்தும் எத்தனை ஒற்றுமை! 1840களில் லோவெல் ஆலைகளுக்காகத் தரகர்கள் வண்டி கட்டிக்கொண்டு தொலைதூரப் பண்ணைகளுக்குப் போனார்கள். தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கமிஷன். சேரும் பெண் ஒரு வருடமாவது வேலை செய்ய வேண்டும். நடுவில் கிளம்பினால் நன்னடத்தைச் சான்று கிடைக்காது. சான்று இல்லாதவளை ஊரிலுள்ள வேறு ஆலையும் சேர்த்துக்கொள்ளாது. நூல் அறாமல் இருக்க ஈரப்பதம் வேண்டும் என்று ஜன்னல்களை அடைத்து வைத்தார்கள். வாரத்துக்கு ஆறு நாள், சராசரியாக 73 மணி நேரம் வேலை. எழுப்பவும் சாப்பிடவும் படுக்கவும் மணி. தங்கையின் ஆலையில் சங்கு.

ஒரு வேறுபாடும் இருந்தது. தங்கையின் கதை எப்படி முடிந்தது என்று சொன்னால்தான் அது புரியும்.

இரண்டு வருடம் எட்டு மாதம் ஆனபோது அவளுக்கு ஓயாத இருமல். ரத்தசோகை என்றும் சொன்னார்கள். ஊருக்கு அனுப்பினார்கள். தேறித் திரும்பிப் போனபோது, இடைவெளி விழுந்துவிட்டது, ஒப்பந்தக் காலம் முடியவில்லை, அதனால் மொத்தத்தொகை கிடையாது என்றார்கள். மாதாமாதம் கைக்கு வந்த ஆயிரத்துச் சொச்சம் வீட்டுக்கு வந்து, அதில் ஒரு பங்கு என் கல்லூரி விடுதிக் கட்டணமாகப் போயிருந்தது. வரப்போகும் முப்பத்தைந்தாயிரத்தை நம்பி அப்பா வாங்கிய கடன் அப்படியே நின்றது. அதை அடைக்க அவள் இன்னொரு ஆலைக்குப் போனாள். நான் பட்டம் வாங்கினேன்.

*

லோவெல் பெண்களின் வரலாற்றைப் படித்தால் அண்ணன் தம்பிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பத்து வயதில் ஆலைக்குள் போன ஹாரியட் ஹான்சன் ராபின்சன், பிற்காலத்தில் பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவர். தன் ஆலை வாழ்க்கையைப் பற்றி 1898இல் புத்தகம் எழுதினார். ஆலைப் பெண்களில் பலர் சகோதரர்களின் கல்லூரிப் படிப்புக்காக உழைத்ததை அதில் சொல்கிறார். கல்லூரிக் கதவு பெண்களுக்குத் திறக்காத காலம் அது. எனக்காக உழைத்தவள் என் தங்கை, படித்தவளும் ஒரு பெண் என்பதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாமா? எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வீட்டுக்கு அனுப்பியது போக, லோவெல் பெண்களின் கையில் கொஞ்சம் பணம் நின்றது. விடுதிச் செலவைப் பிடித்துக்கொண்டு மீதியைக் காசாகக் கொடுத்தார்கள். பலர் ஊர் சேமிப்பு வங்கியில் சொந்தப் பெயரில் போட்டுவைத்தார்கள். மாலை நேரச் சொற்பொழிவுகளுக்குப் போனார்கள், நூலகத்தில் புத்தகம் எடுத்தார்கள். 1840இலிருந்து 1845 வரை 'லோவெல் ஆஃபரிங்' என்ற பத்திரிகையில் எழுதினார்கள். 1842இல் வந்து பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ் விடுதியில் பியானோ இருந்ததையும், அவர்கள் பத்திரிகை நடத்தியதையும் வியந்து எழுதிவிட்டுப் போனார். டிக்கன்ஸ் ஒரு நாள் மட்டும் பார்த்தார். அந்தப் பத்திரிகை முதலாளிகளின் மனம் கோணாமல் நடந்துகொள்கிறது என்று குறைசொன்ன ஆலைப் பெண்கள் உண்டு.

மாசசூசெட்ஸில் 1855 வரை கல்யாணமான பெண்ணின் சம்பாத்தியம் சட்டப்படி கணவனுடையது. ஆக, பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் இருந்த அந்த நாலைந்து வருடத்தில்தான் பல பெண்கள் தன் காசு என்று ஒன்றை வாழ்நாளில் முதலும் கடைசியுமாகத் தொட்டார்கள். நம்முடைய திட்டமோ அந்த இடைவெளிக்குள்ளேயே புகுந்து, கல்யாணத்துக்கு முந்திய உழைப்பையும் கல்யாணத்தின் பெயரில் எழுதிவைத்துவிட்டது.

*

கையில் இருந்த காசு என்ன செய்தது என்பது 1834 பிப்ரவரியில் தெரிந்தது. கூலியைக் குறைக்கப்போவதாக ஆலைகள் அறிவித்தன. சுமார் 800 பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்து ஊரைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். அதோடு பலர் நேராக வங்கிக்குப் போய்த் தங்கள் சேமிப்பை எடுத்தார்கள். அந்த முறை தோற்றார்கள். சில நாட்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள், மற்றவர்கள் ஊருக்குப் போனார்கள்.

1836 அக்டோபரில் விடுதிக் கட்டணத்தை ஏற்றினார்கள். இந்த முறை வெளிநடந்தவர்கள் 1,500 பேர் வரை. சங்கம் வைத்தார்கள். சில ஆலைகள் கட்டண உயர்வைத் திரும்பப் பெற்றன. பதினோரு வயது ஹாரியட் வேலைசெய்த அறையில் மூத்த பெண்கள் போகலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றபோது, யார் வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன் என்று இறங்கி நடந்தாளாம். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு நீண்ட வரிசை. அதற்குத் தண்டனை அவளுடைய அம்மாவுக்கு விழுந்தது. நிறுவன விடுதி ஒன்றின் பொறுப்பாளராக இருந்த கைம்பெண் அவர். பெரிய பெண்களை உன்னால் தடுத்திருக்க முடியாது, சொந்த மகளைத் தடுத்திருக்கலாமே என்று சொல்லி வேலையிலிருந்து நீக்கினார்கள்.

விடுதிகளைக் கட்டியவர்கள் எதிர்பாராதது இதுதான். ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே கட்டிலில் இருவராகப் படுத்து, ஒரே மணிக்கு எழுந்த பெண்கள் இரவில் பேசிக்கொண்டார்கள். பெண்களை அடக்கிவைக்கக் கட்டிய வீட்டிலேயே வேலைநிறுத்தம் பேசி முடிவானது. கூட வெளிநடக்காதவள் சாயங்காலம் அதே மேசைக்குத்தான் வந்தாக வேண்டும்.

1840களில் ஒருத்தி பார்க்க வேண்டிய தறிகளும் கூடின, வேகமும் கூடியது. கூலி அதற்கேற்பக் கூடவில்லை. 1844 கடைசியில் லோவெல் பெண் தொழிலாளர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து வந்த நெசவாளி சாரா பேக்லி அதன் தலைவி. பத்து மணி நேர வேலை கேட்டு ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1845இல் விசாரணைக் குழு முன்னால் பேக்லியும் தோழிகளும் நேரில் போய்ச் சாட்சி சொன்னார்கள். குழுவின் தலைவர் லோவெலைச் சேர்ந்த வில்லியம் ஷௌலர். வேலைநேரத்தில் சட்டம் தலையிட முடியாது என்று குழு கையை விரித்தது. ஓட்டுரிமை இல்லாத அந்தப் பெண்கள் அடுத்த தேர்தலில் ஷௌலரைத் தோற்கடிக்கப் பிரச்சாரம் செய்தார்கள். அவர் தோற்றார். அவர்கள் கேட்ட பத்து மணி நேரச் சட்டம் பெண்களுக்கும் சிறாருக்கும் 1874இல்தான் வந்தது. கேட்டவர்களில் பலர் அதற்குள் ஆலையை விட்டுப் போய்விட்டார்கள்.

இவர்களைத் தெய்வமாக்கவும் கூடாது. தறியில் ஓடிய பஞ்சு அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகள் பறித்தது. அவர்களுக்கு உடுத்தக் கொடுக்கும் முரட்டுத்துணியும் லோவெலில் நெய்யப்பட்டது. ஊர்வலத்தில் அடிமையாக இருக்க மாட்டோம் என்று பாடிய பெண்களின் நூலிலேயே அடிமைகளின் உழைப்பு இருந்தது. அதை உணர்ந்து அடிமை ஒழிப்புச் சங்கத்தில் சேர்ந்த ஆலைப் பெண்களும் இருந்தார்கள், உணராதவர்களும் இருந்தார்கள். பண்ணைவீட்டுப் பெண்கள் விலக, அந்த இடத்துக்குப் பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் பெண்களும், பின்னால் பிரெஞ்சு கனடியர்களும் கிரேக்கர்களும் போலந்துக்காரர்களும் வந்தார்கள். 1920களிலிருந்து ஆலைகள் மூடத் தொடங்கின. பூட் ஆலை 1950களின் நடுவில் நின்றது. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவித்ததால்தான் கட்டடங்கள் மிஞ்சின.

*

நம் விடுதிகளிலும் பெண்கள் ஒன்றாகத்தானே இருந்தார்கள், ஏன் 1836 நடக்கவில்லை என்று என்னிடம் ஒரு தோழி கேட்டாள். தங்கையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "காசு அவங்ககிட்டல்லக்கா இருந்துச்சு."

அவ்வளவுதான். லோவெல் பெண் வெளியே நடந்தபோது சேமிப்பு அவளுடைய பெயரில் இருந்தது. என் தங்கையின் மூன்று வருடம் முதலாளியின் பெட்டியில் இருந்தது. ஒரு நாள் குரலை உயர்த்தினால் போவது அன்றைய கூலி மட்டுமல்ல, அதுவரை உழைத்தது முழுவதும். பத்தாவது மாதத்தில் இருந்த துணிச்சல் முப்பதாவது மாதத்தில் இருக்காது. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் லோவெலின் விடுதியிலிருந்து பூட்டை எடுத்துக்கொண்டார்கள், வங்கிக் கணக்கை விட்டுவிட்டார்கள். வெளியே போகவும் வீட்டோடு ஃபோனில் பேசவும் கட்டுப்பாடு வேறு.

இருந்தாலும் கதை அங்கேயே நின்றுவிடவில்லை. திண்டுக்கல் வட்டாரத்தில் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் பெண்களின் தலைமையில் வளர்ந்தது. 2021 ஜனவரியில், மேற்பார்வையாளரின் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்த இளம் தலித் தொழிலாளி ஒருவர் கொலைசெய்யப்பட்டார். அவருடைய குடும்பமும் சங்கமும் ஒதுங்கிப் போகவில்லை. 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பணியிடத்தில் பாலின வன்முறையைத் தடுக்கும் பொறுப்பில் ஆலை நிறுவனத்தையும், அங்கே தைக்கும் துணியை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தையும் சட்டப்படி கட்டுப்படுத்திய ஒப்பந்தம் அது. மேலதிகாரிக்கு எதிராகப் புகார் சொல்லவும், சொன்னவளைப் பாதுகாக்கவும் அதில் வழி உண்டு.

*

தறிக்கூடத்தை விட்டு வெளியே வந்து கால்வாய்க் கரையில் உட்கார்ந்திருந்தபோது நம் ஊர் ஆலைகளை நினைத்துக்கொண்டேன். பெரம்பூரில் பின்னி மில் இருந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள். கோவையில் 1888இல் தொடங்கியது பஞ்சாலைக் காலம். அது விட்டுப்போன எத்தனை இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போயிருக்கும்? ஆனாலும் இயந்திரத்தைக் காப்பாற்றுவது ஒப்பீட்டளவில் சுலபம். துரு எடுத்து எண்ணெய் விட்டால் மறுபடி ஓடும். லோவெலில் இன்று ஓடும் தறிகள்கூட ஹாரியட்டும் பேக்லியும் தொட்டவை அல்ல, இருபதாம் நூற்றாண்டுத் தறிகள்தான். அந்தப் பெண்களைப் பற்றி நமக்குத் தெரிவது அவர்கள் எழுதியதால்தான். கடிதம், பத்திரிகை, மனு, புத்தகம். அவற்றை யாரோ கட்டி எடுத்துப் பத்திரமாக வைத்ததால்தான்.

சுமங்கலித் திட்டத்துப் பெண்கள் என்ன எழுதிவைத்தார்கள்? எழுத நேரமும் இல்லை, எழுதினால் படிக்க வார்டனும் இருந்தாள். அவர்களைப் பற்றித் தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகள் இருக்கின்றன. அவற்றில் அவர்களுக்கு மாற்றுப்பெயர்.

ஊருக்குத் திரும்பியதும் தங்கையிடம், "ஒன்கிட்ட அந்த மில்லுச் சாமான் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன். "குப்பையத்தான கேக்குற" என்றாள். பிறகு பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கினாள். ஓரம் கிழிந்த அடையாள அட்டை, அதில் இரட்டை ஜடையோடு பதினாறு வயது முகம். கூலிச்சீட்டு ஏழு. அடியில் தாலிப் படம் போட்ட அந்த நோட்டீஸ், நாலாக மடித்து.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பேசுகிறாள், நான் ஃபோனில் பதிவுசெய்கிறேன். நூல் அறுந்தால் எந்த விரலால் ஒட்ட வேண்டும், நைட் ஷிஃப்டில் தூங்காமல் இருக்க என்ன பாடுவார்கள், அறையில் யார் யார் எந்த ஊர். முதல் நாள் பதினெட்டுப் பெயர் சொன்னாள். அடுத்த வாரம் இன்னும் மூன்று பெயர் ஞாபகம் வந்தது என்று அவளாகவே ஃபோன் செய்தாள்.